உலர் துறைமுகத்தில் ஒரு கால்

ஜவ்வாது மலைக்குக் கடல் கிடையாது. கடல் இல்லாத இடத்தில் துறைமுகம் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை என்பதால், புளியங்குட்டை கிராமத்தில் ஒரு துறைமுகம் கட்டினார்கள்.

கப்பல் வராத துறைமுகத்துக்கு உலர் துறைமுகம் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து மலைக்கு வரும் சரக்கு சென்னையில் இறங்கி, முத்திரை உடையாமல் லாரியில் மலையேறி வந்து, இங்கேதான் சுங்கப் பரிசோதனை முடிந்து வெளியே போகும். மலையின் புளியும் சாமையும் தேனும் இங்கிருந்தே நேராக வெளிநாடு போகும். திறப்பு விழாவில் அப்படித்தான் பேசினார்கள். சாமை விளைந்துகொண்டிருந்த நல்ல நிலத்தை வளைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். கிடங்கு, கொடிக்கம்பம், அலுவலகம் எல்லாம் வந்தன. வாசலில் ஆள் உயரத்துக்கு சிமெண்டில் ஒரு நங்கூரம் செய்து வைத்தார்கள். மலைக்காரர்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏதோ புது மாதிரிக் கலப்பை, ஆனால் இதை எந்த மாடு இழுக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

திறந்து பல பருவம் போயும் ஒரு மூட்டைப் புளி உள்ளே போகவில்லை. ஜனங்கள் வழக்கம்போல ஒடுகத்தூர் வியாபாரிக்கே போட்டார்கள். அவர் மூட்டையை எடை போட்டுக் கையில் காசு கொடுத்தார். இந்தப் புளி சுங்கப் புத்தகத்தில் எந்த அத்தியாயத்தின் எந்தப் பிரிவில் வருகிறது என்று அவர் கேட்டதில்லை. துறைமுகத்திலும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. அலுவலர்கள் காலையில் வந்தார்கள், சாயங்காலம் போனார்கள். கொடிக்கம்பத்தில் குரங்கு ஏறினால் அதைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள்.

அந்தத் துறைமுகத்துக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த வெளிநாட்டுச் சரக்கு, செல்லியம்மாளின் வலது கால்.

செல்லியம்மாளுக்கு வயது நாற்பதுக்கு மேல். புருஷன் இல்லை. சரிவில் கொஞ்சம் நிலம். அதில் சாமை போட்டு, புளி பொறுக்கி, மகளை விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் புளி ஏற்றிப்போன டெம்போ ஒரு வளைவில் கவிழ்ந்தபோது மூட்டைகளோடு அவளும் கீழே கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிறகு ஏதோ ஒரு முகாமில் ஒரு கால் கொடுத்தார்கள். சமதரையில் நடக்கச் செய்த கால் அது. புளியங்குட்டையில் சமதரை என்று இருந்தது துறைமுகம் கட்டிய இடம் மட்டும்தான். சரிவில் இறங்கினால் அந்தக் கால் அவளைக் குப்புறத் தள்ளியது. கழற்றிப் போட்டுவிட்டுக் கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டாள்.

போன வருடம் ஒடுகத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் வேறொரு முகாம் நடந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பெண் மருத்துவர் அவளைப் பார்த்தார். மற்றவர்களைப்போல ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் அவளை ஏறச் சொல்லி, இறங்கச் சொல்லி, மண்ணில் உட்கார்ந்து பார்த்தார். சரிவுக்கு ஏற்ற மாதிரி கணுக்கால் மடங்கித் திரும்பும் கால் ஒன்று செய்து அனுப்புவதாகச் சொல்லி அச்சு எடுத்துக்கொண்டார். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். வந்ததும் மாட்டிவிட வேண்டும். நாளாக நாளாக, வெட்டியது போக மிச்சமிருக்கிற கால் சூம்பிக்கொண்டே போகும். சூம்பினால் இந்த அச்சில் செய்த கால் சேராது.

கால் வந்த செய்தி இளவரசனுடைய கைப்பேசிக்கு வந்தது. செல்லியம்மாளின் தம்பி அவன். ஒடுகத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறான். சவாரியை விட்டுவிட்டு நேராக மலையேறி வந்தான்.

"யக்கா, உன் காலு வந்துருச்சி!"

"எங்கடா?"

"கேட்டா சிரிப்பே. நம்மூருக்கேதான். தோ, அந்தத் துறைமுகத்துல கீது."

செல்லியம்மாள் சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தாள். அவள் வீட்டு முருங்கை மரத்தடியில் நின்றால் துறைமுகக் கிடங்கின் தகரக் கூரை தெரியும். ஜெர்மனியிலிருந்து கிளம்பி, கடல் தாண்டி, மலையேறி, கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. தலைக்கு ஊற்றிக்கொண்டு, வெட்டுப்பட்ட இடத்தில் சுத்தமான துணியைச் சுற்றிக்கொண்டு, கட்டையை ஊன்றிக் கிளம்பினாள்.

வாசல் காவலர் கண்ணாயிரம் உள்ளூர் ஆள். முறையில் அவளுக்கு அண்ணன். இருந்தாலும் பதிவேட்டைத் திறந்து, உள்ளே கொண்டுபோகும் பொருள், கட்டை ஒன்று என்று எழுதிக்கொண்டுதான் விட்டார்.

"தப்பா நெனைக்காத, செல்லிம்மா. உள்ள போறதையும் வெளிய வர்றதையும் எழுதலன்னா எனக்கு இங்க வேலையே இல்ல."

உள்ளே உதவி ஆணையர் அசோக்குமார் வெள்ளைச் சீருடையில் காத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பதாகை கட்டியிருந்தார்கள். முதல் இறக்குமதியாளரை வரவேற்கிறோம். ஒலிபெருக்கி இருந்தது. அலுவலர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். செல்லியம்மாளுக்கு நாற்காலி போடவில்லை. அவள் உட்கார்ந்துவிட்டால் படத்தில் விழமாட்டாள் என்று புகைப்படக்காரர் சொல்லிவிட்டாராம்.

"பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தார் அசோக்குமார். அங்கே தாய்மார் என்று இருந்தது செல்லியம்மாள் ஒருத்திதான். "மலை மேலே எதற்குத் துறைமுகம் என்று கேட்டார்கள். இதனால் யாருக்குப் பயன் என்று கேட்டார்கள். இதோ, பயனாளி நின்றுகொண்டிருக்கிறார்! இத்தனை காலமாக நான் ஒவ்வொரு மாதமும் மேலிடத்துக்கு 'சரக்கு வரவு இல்லை' என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் இந்த மாதம் இதை மூடிவிடுவார்களோ, என்னை வெயில் அடிக்கிற ஊருக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயந்திருக்கிறேன். இந்த அம்மாவின் கால் போனதால் இந்தத் துறைமுகம் நிமிர்ந்தது!"

கை தட்டினார்கள். பயனாளிக்குக் கட்டை வைத்திருந்த கக்கம் எரிந்தது.

கூட்டம் முடிந்ததும் அவள் கேட்டாள். "சார், பொட்டியக் குடுத்தீங்கன்னா இங்கியே கட்டிக்கினு போய்டுவேன்."

அசோக்குமார் குழந்தையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். "அப்படி எடுத்த எடுப்பில குடுத்துட முடியுமாம்மா? உங்க சரக்குக்கு வரியே கிடையாது."

"வரி இல்லன்னா அப்றம் இன்னா சார்?"

"வரி இல்லைங்கறதைப் பரிசோதிச்சு முடிவு பண்ணணும் இல்லையா? வரி உள்ள சரக்கை விட்டுடலாம். கட்டினாங்களா, போனாங்களா. வரி இல்லாததுலதான் ஏமாத்துவாங்க. அதனால ஒரு முகவர் மூலமா வாங்க. ரெண்டு வகை இருக்கு. கிளியரிங் ஏஜெண்ட், ஃபார்வர்டிங் ஏஜெண்ட். யார் வேணும்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அது உங்க உரிமை. நாங்க குறுக்க வரமாட்டோம்."

"நானே நேரா வந்துகீறேனே சார்."

"சரக்குக்காரங்களே நேரா வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டா, அப்புறம் நாங்கள்லாம் எதுக்கு?" என்று சிரித்தார் அசோக்குமார். பாதிச் சிரிப்பில் ஏதோ உறைத்ததுபோல வாயை மூடிக்கொண்டு கோப்பை எடுத்தார்.

இரண்டு முகவர்களுக்கும் அதே கட்டடத்தில் எதிரெதிராக இரண்டு அறைகள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. கிளியரிங் ஏஜெண்ட் பஞ்சாட்சரம் நெற்றி நிறைய விபூதியோடு, சட்டப் புத்தகங்களுக்கு நடுவே இருந்தார்.

"அந்த ஆள் யாருன்னு நெனைச்சே? மூட்டை தூக்கறவன்" என்று எதிர் அறையைக் கண்ணால் காட்டினார். "கப்பல் புடிப்பான், பிளேன் புடிப்பான், லாரி புடிப்பான். கொண்டாந்து கிடங்குல போட்டா அவன் வேலை முடிஞ்சிது. சுங்கத்து முன்னால நின்னு பேசி சரக்க வெளிய எடுக்க லைசன்ஸ் எனக்குத்தான் கீது. ஏன்னு கேளு. இந்தச் சட்டம் யாருக்கும் புரியாது."

"உங்களுக்குப் புரியுங்களா?"

"எனக்கும் புரியாது. ஆனா புரியாததுல பழக்கம் ஜாஸ்தி."

எதிர் அறையில் ஃபார்வர்டிங் ஏஜெண்ட் ராஜ்குமார் சுவர் முழுக்க உலகப் படம் மாட்டியிருந்தார். குளிர்சாதன அறையில் பேசுகிற குரல். ஆனால் அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை.

"அவரு காகிதத்துல முத்திர குத்தறவரும்மா. ஒரு பொட்டியத் தூக்கிப் பாத்துருப்பாரா? நாங்க அப்படி இல்ல. உலகத்துல எந்த மூலையிலேருந்தும் உங்க வீட்டு வாசல் வரைக்கும் எங்க பொறுப்பு. வீடு எங்க?"

செல்லியம்மாள் ஜன்னல் வழியே காட்டினாள். "தோ, அந்த முருங்க மரம்."

ராஜ்குமார் எட்டிப் பார்த்தார். கணினியைத் தட்டினார். முகம் மாறியது. "மலைப் பிரதேசம். சிக்கலான தடம். ஒண்ணு பண்ணலாம். சரக்கக் கீழ எறக்கி, வேலூர் கிடங்குல சேத்து, அங்கேருந்து கண்ணமங்கலம், அப்புறம் சுத்திக்கிட்டு அமிர்தி, மறுபடி மலையேத்தி உங்க வீட்டுக்குக் கொண்டாந்துடலாம்."

"இங்கேர்ந்து கூப்ட்டா எங்க வூட்டுல கேக்குங்களே."

"கூப்பிடற தூரத்துக்கு எங்ககிட்ட திட்டம் கிடையாதும்மா."

வெளியே வந்து அக்காவும் தம்பியும் நங்கூரத்தின் நிழலில் நின்று யோசித்தார்கள். இளவரசனுக்கு ஏற்கெனவே ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. "பொட்டிதான் வந்துருச்சே. கொண்டார்றவன் நமக்கு எதுக்கு? வெளிய எடுக்கறவன் போதும். விபூதிக்காரரையே வெச்சிக்க" என்றான். நியாயமான பேச்சு. அதனால்தான் அது அங்கே செல்லுபடியாகவில்லை.

பஞ்சாட்சரம் முதலில், கால் என்பது என்ன சரக்கு என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். புத்தகத்தைப் புரட்டினார். காலணியில் சேர்க்கலாமா என்று பார்த்தால், காலணி என்றால் ஜோடியாக வர வேண்டும். மேசை, நாற்காலிக் கால்களுக்கு ஒரு பிரிவு இருந்தது. அதில் குறைந்தது நான்கு எதிர்பார்த்தார்கள். இயந்திரத்தின் உதிரி பாகம் என்று எழுதினால் இயந்திரத்தைக் காட்டச் சொல்வார்கள். அவர் செல்லியம்மாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இயந்திரம் என்று இவளைக் காட்ட முடியாது என்று முடிவுக்கு வந்தார். கடைசியில் 'மனிதர், ஒருவர், பகுதி மட்டும், இணைக்கப்படாதது' என்று எழுதிக் கொடுத்தார்.

அசோக்குமார் அதைப் படித்து நிமிர்ந்தார். "மனிதப் பகுதியா? உடலுறுப்பு இறக்குமதிக்குத் தடை இருக்கு தெரியுமா?"

"அய்யோ, பிளாஸ்டிக்கும் இரும்பும் சார்" என்றாள் செல்லியம்மாள்.

"ஏன் ஒண்ணு மட்டும் வந்திருக்கு? இன்னொரு கால் எங்கே?"

"அது எங்கிட்டதான் கீது சார். தோ."

"அதுக்கு ரசீது?"

"அத்த எங்கம்மா பெத்தா."

அதை அவர் கோப்பில் எழுதிக்கொண்டார். பிறகு, லாரியில் கொண்டுவந்தவர் ராஜ்குமாரின் ஆள் என்பதால், அவருடைய விடுவிப்புக் கடிதம் இல்லாமல் பஞ்சாட்சரம் சரக்கைத் தொட முடியாது என்றார். செல்லியம்மாள் நடையைக் கடந்து எதிர் அறைக்குப் போனாள். என்னை வேண்டாம் என்று போனவர்களுக்கு நான் எப்படிக் கடிதம் கொடுப்பேன், என்னைத் தேர்ந்தெடுத்தால் கொடுக்கிறேன் என்றார் ராஜ்குமார். சரி, உங்களையே வைத்துக்கொள்கிறேன் என்றாள். அதற்குப் பஞ்சாட்சரத்தின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும் என்றார். மறுபடி நடையைக் கடந்தாள். ஆட்சேபணை இருக்கிறது என்று பஞ்சாட்சரம் உடனே எழுதிக் கொடுத்தார். அந்த நடை பளிங்குக் கல் பதித்தது. மழைநாளில் கட்டையின் முனை அதில் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கால் இல்லாதவளை ஒரு காலுக்காக அவர்கள் எத்தனை முறை இங்கேயும் அங்கேயும் நடக்கவிட்டார்கள் என்பதைப் பளிங்கில் கட்டை போட்ட கீறல்களை எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

பருவம் மாறியது. சாமையில் களை மண்டியது. அசோக்குமார் பிரச்சினையின் தீவிரத்தை உணர்ந்து, கருத்தரங்கம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். 'கிளியரிங் ஏஜெண்டா, ஃபார்வர்டிங் ஏஜெண்டா? எதைத் தேர்வது?' என்று தலைப்பு. வெளியூரிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். மேடையில் மலர்ச்செண்டு, முந்திரிப் பருப்பு, தண்ணீர் பாட்டில். செல்லியம்மாளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். முதல் முறையாக நாற்காலி.

ராஜ்குமார் பேசியதும் பஞ்சாட்சரம் மறுத்தார். பஞ்சாட்சரம் பேசியதும் ராஜ்குமார் சிரித்தார். நிபுணர்கள் இருவரையும் பாராட்டினார்கள். கடைசியாக அசோக்குமார் எழுந்து இரு கைகளையும் விரித்தார்.

"நண்பர்களே, இதில் போட்டி எதற்கு? வணிகம் என்பது ஒரு மனிதன் என்றால் கிளியரிங் அவனுக்கு ஒரு கால், ஃபார்வர்டிங் மறு கால். ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு யாராவது நடக்க முடியுமா?"

அரங்கம் அதிர்ந்தது. செல்லியம்மாள் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். எதைச் சொன்னோம், யாருக்கு முன்னால் சொன்னோம் என்று ஒருத்தன் முகத்திலாவது சின்ன நிழல் விழுகிறதா என்று தேடினாள். இல்லை. முந்திரிப் பருப்பு பின்வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் களைக்கொத்தோடு சரிவில் இறங்கியபோது கட்டை சேற்றில் புதைந்து அவள் உருண்டாள். வரப்பில் முகம் பதிந்த பிறகுதான் உருள்வது நின்றது. எழுந்திருக்கப் பிடிமானம் இல்லை. கட்டை எட்டாத தூரத்தில் கிடந்தது. சேற்றில் கிடந்தபடியே பார்த்தாள். மழைக்குள் துறைமுகத்தின் தகரக் கூரை பளபளவென்று தெரிந்தது. உள்ளே, பெட்டிக்குள், நனையாமல், பஞ்சு மெத்தையில் அவளுடைய கால் படுத்திருந்தது. அதுவரை அவளுக்கு இருந்தது வருத்தம்தான். நம் தலையெழுத்து, படிக்காதவள், அவர்கள் சொல்வது நமக்குப் புரியவில்லை என்ற வருத்தம். வாயில் சேற்றைத் துப்பியபோது அது போய்விட்டது. புரிவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் இளவரசனையும் கூட்டிக்கொண்டு போய் அசோக்குமார் மேசை முன் நின்றாள். "சார், நாள் ஆவுது. மிச்சக் காலு சூம்புது. அப்றம் அது சேராதுன்னு டாக்டரம்மா சொல்லிச்சி. இன்னா முடிவு பண்ணீங்க?"

அவர் கோப்பைத் திறந்து படித்தார். "'பெறுநர் தமக்கு இந்தச் சரக்கு இன்றியமையாதது என்கிறார். ஆனால் மேற்படி சரக்கு இல்லாமலேயே அவர் பலமுறை அலுவலகத்துக்கு நடந்து வந்துள்ளார். எனவே இது இன்றியமையாப் பொருள் அல்ல, வசதிப் பொருள் என்று கருத இடமிருக்கிறது. இரு முகவர்களிடமும் மாறி மாறிப் போனது சந்தேகத்துக்குரியது. சரக்கைத் தன்னிடமே தர வேண்டும் என்று பெறுநர் ஒற்றைக் காலில் நிற்கிறார்.'"

படித்து முடித்துவிட்டு, நடை நன்றாக வந்திருக்கிறது அல்லவா என்பதுபோல அவளைப் பார்த்தார்.

"வேற எப்படி நிக்கறது சார்?" என்றாள் செல்லியம்மாள்.

குரல் உயரவில்லை. ஆனால் இளவரசன் சட்டென்று அக்காவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் ஏல அறிவிப்பு வந்தது. காலக்கெடுவுக்குள் விடுவிக்கப்படாத சரக்கு பொது ஏலத்தில் விடப்படும். ஒலிபெருக்கி கட்டிய ஜீப் மலையெல்லாம் சுற்றியது. 'செயற்கைக் கால், வலது, ஒன்று, புதியது. ஏலம் கேட்க விரும்பும் பொதுமக்கள் சரக்கைத் திறந்து பார்த்து, இயக்கிச் சோதித்துத் திருப்தி அடையலாம். முகவர் தேவையில்லை.'

கடைசி இரண்டு சொற்களைக் கேட்டதும் செல்லியம்மாள் களைக்கொத்தைக் கீழே போட்டாள்.

ஏல நாளன்று மலையே திரண்டு வந்திருந்தது. கால் வாங்க யாரும் வரவில்லை. ஒரு காலை ஏலம் விடுகிறவர்களின் முகத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். அசோக்குமாருக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் மகிழ்ச்சி தாங்கவில்லை. கிடங்கு வாசலில் மேசை போட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள்.

"பார்வையிட விரும்பறவங்க வரலாம்" என்றார்.

செல்லியம்மாள் முன்னால் வந்தாள். "நான் பாக்கறேன் சார்."

"நீங்க பெறுநர் ஆச்சே?"

"பொதுமக்கள்னு சொன்னீங்க. நானும் பொதுமக்கள்தான?"

அவர் விதியைப் புரட்டினார். பெறுநர் பொதுமக்கள் ஆகமாட்டார் என்று எங்கேயும் இல்லை. தலையாட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். கையில் எடுத்தாள். கனமில்லை. கணுக்கால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பியது. சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, உறையைப் போட்டு, காலை மாட்டினாள். பட்டையை இறுக்கினாள்.

"இயக்கிச் சோதிக்கலாம்னு போட்டுகீதே" என்று சொல்லிவிட்டு, இளவரசன் தோளைப் பிடித்து எழுந்தாள். ஒரு அடி வைத்தாள். இன்னொன்று வைத்தாள். தோளை விட்டாள். பிறகு யாரையும் திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள்.

இது சோதனையின் எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது என்று அசோக்குமாருக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. "சரக்கு போகுது!" என்று கத்தினார். "கண்ணாயிரம், சரக்கை நிறுத்து!"

கண்ணாயிரம் எழுந்து நின்று தேடினார். "சரக்கு எங்க சார்? ஆளுதான வருது."

"காலைப் பிடி! காலைப் பிடி!"

"பொம்பளப் புள்ள காலயா? நான் மாட்டேன் சார்."

முகவர்கள் இருவரும் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் அவளுக்கு முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டார்கள். வாசல் தாண்டுகிறவரை சரக்கு என் கணக்கில்தான் என்றார் பஞ்சாட்சரம். நகர ஆரம்பித்துவிட்டால் அது போக்குவரத்து, என் கணக்கு என்றார் ராஜ்குமார். செல்லியம்மாள் இருவருக்கும் நடுவில் புகுந்து போய்விட்டாள். வேறு வழியில்லாமல், வெள்ளைச் சீருடையோடு, உதவி ஆணையரே பாய்ந்து தரையில் விழுந்து இரண்டு கைகளாலும் அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் பார்க்க நெருங்கி வந்தது.

செல்லியம்மாள் குனிந்து பார்த்தாள். "சார், அது எங்கம்மா குடுத்தது. ரசீது கேட்டீங்களே, அந்தக் காலு. உங்க சரக்கு இது."

சொல்லிவிட்டு அந்தச் சரக்கால் அவர் கையை உதைத்துத் தள்ளினாள். ஜெர்மனியில் எந்தச் சரிவை நினைத்து அந்தக் கணுக்காலைச் செய்தார்களோ தெரியாது. நன்றாகவே திரும்பியது.

"ஒரு காலு இல்லாத என்ன இத்தினி நாளா உங்க காலப் புடிக்க வெச்சீங்களே" என்று அவள் சொன்னாள். "சோத்துக்கு வழி கேட்டனா? எவன் சொத்தையாவது கேட்டனா? என் காலத்தானடா கேட்டேன்!"

கண்ணாயிரம் பதிவேட்டில், வெளியே செல்பவர், பெண் ஒருவர், கையில் ஏதுமில்லை என்று எழுதிக் கதவைத் திறந்துவிட்டார்.

போலீஸ் வரும் என்று இளவரசன் பல நாள் பயந்தான். வரவில்லை. புகார் எழுத உட்கார்ந்த அசோக்குமார், சரக்கை யார் போட்டுப் பார்க்கச் சொன்னது என்ற கேள்வி வரும் என்று பேனாவை மூடிவிட்டார். 'ஏலப் பார்வையிடலின்போது சரக்கு தானாகவே துறைமுகத்தை விட்டு வெளியேறியது. சேதம் இல்லை' என்று மேலிடத்துக்கு எழுதினார். முதல் இறக்குமதி வெற்றிகரமாக முடிந்ததற்காக, சுதந்திர தினத்தன்று அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். பஞ்சாட்சரமும் ராஜ்குமாரும் தனித்தனியாகத் துண்டறிக்கை அச்சடித்தார்கள். இரண்டிலும் செல்லியம்மாள் நடந்துபோகிற படம். இரண்டிலும் அடியில், 'எங்கள் வாடிக்கையாளர்.'

கால் சேரவில்லை. மருத்துவர் சொன்னதுதான் நடந்திருந்தது. அது மாதக்கணக்கில் பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் கிடந்தபோது சூம்பிப்போன மிச்சக் கால், அதைச் செருகும் கிண்ணத்துக்குள் ஆடியது. துணியைத் திணித்துத் திணித்து அவள் சரிவில் இறங்கினாள். ஏறி வரும்போது உறையில் ரத்தம் இருந்தது. இளவரசன் அதைப் படம் எடுத்து அனுப்பினான். ஜெர்மனிக்கார அம்மாள் அன்றைக்கே பதில் போட்டிருந்தார். வருத்தம் தெரிவித்து, புது அளவு எடுத்து அனுப்பினால் வேறு கிண்ணம் செய்து அனுப்புகிறேன், எந்த முகவரிக்கு அனுப்பட்டும் என்று கேட்டிருந்தார்.

"இன்னாக்கா எழுத?" என்று கேட்டான்.

செல்லியம்மாள் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்த ஊருக்கு வேணாலும் அனுப்பச் சொல்லு. எவ்ளோ தூரம்னாலும் நான் போய் வாங்கிக்கறேன். துறைமுகம் இல்லாத ஊரா பாத்து அனுப்பச் சொல்லு."